டாக்டர் சொன்ன ஏழாவது விஷயம்

என் அப்பாவுக்குக் கேன்சர் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள, டெஸ்ட் எடுத்த நாளிலிருந்து பதினாறு நாள் ஆனது. அதில் முதல் பத்து நாள் அவர் தைரியமாகத்தான் இருந்தார். கடைசி ஆறு நாள் அவர் பட்ட பாட்டுக்கு நோய் காரணமில்லை, நான்தான் காரணம். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் தப்பு நடந்ததே அந்த வெட்கத்தால்தான். இனியும் வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது?

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். நான் மதுரையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில வாத்தியார். வீடு ஆரப்பாளையத்தில், பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம். அப்பாவும் அம்மாவும் எழுமலையில் விவசாயம். அப்பாவுக்கு அறுபத்து நாலு வயது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று வகுப்பில் பையன்களும் வீட்டில் மனைவியும் சொல்வார்கள். நான் அதை ஒழுங்கு என்று சொல்லிக்கொள்வேன். இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு ஒரு பத்தியை மொழிபெயர்க்கச் சொன்னால், ஒரு வரி விட்டவனுக்கு இரண்டு மார்க் குறைப்பேன். "ஒரு வரியை விடுறதுக்கு நீ யாருடா?" என்று கேட்பேன். இப்படி மார்க் குறைக்கிற கதையை வீட்டில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

அப்பாவுக்கு நீர் போவதில் சிரமம் இருப்பதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அம்மாவின் அண்ணன், என் மாமா. தோட்டத்துக்குப் போன இடத்தில் அப்பா வரப்போரம் வெகுநேரம் நிற்பதைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, மோட்டர்ல தண்ணி ஏறலையா?" என்று கேட்டாராம். அப்பாவும் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் அப்படித்தான். உடம்பின் கீழ்ப்பகுதி சமாச்சாரம் எதுவாக இருந்தாலும் ஓர் ஆண் அதைத் தன் மச்சானிடம் சொல்லலாம், கேலியாகச் சொல்லலாம், கெட்ட வார்த்தை போட்டும் சொல்லலாம். பெற்ற மகனிடம் சொல்ல முடியாது. மகனும் அப்பாவிடம் கேட்கமாட்டான். இதை யாரும் சட்டமாகப் போட்டதில்லை, மீறியும் யாரும் பார்த்ததில்லை.

மாமா எனக்கு போன் போட்டு, "மாப்ளயக் கூட்டிட்டு நான் மதுரைக்கு வாரேன், நல்ல டாக்டரா பாத்து வையி" என்றார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது மாமாதான் கூட வந்தார். அந்த வார்டில் இருந்த இருபது பேருக்கும் அம்மாவின் சர்க்கரை அளவு மனப்பாடம் ஆகிவிட்டது. மாமாவிடம் ஒரு விஷயம் போனால் அது சாயங்கால பஸ்ஸில் உசிலம்பட்டி போய்ச் சேர்ந்துவிடும். "அப்பாவை நானே பாத்துக்கிறேன் மாமா" என்றேன். படித்தவன், டாக்டரிடம் அவர் பாஷையில் பேசத் தெரிந்தவன், வேறு யார் வேண்டும்? அப்படித்தான் நினைத்தேன்.

டாக்டர் நிதானமான மனிதர். "வாங்கய்யா, உக்காருங்க, என்ன செய்யுது?" என்று அப்பாவைப் பார்த்துத் தமிழில்தான் ஆரம்பித்தார். அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன். இலக்கணம் பிசகாமல் நாலு வாக்கியம். டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு கடைசி நாள் வரைக்கும், நான் பக்கத்தில் இருந்தால் அவர் பேசியதெல்லாம் என்னிடம்தான். அப்பா எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குக் கையுறை போட்டுப் பின்வழியாக விரலால் சோதித்தார்கள். நான் வெளியே நின்றேன். அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டே வந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. படி இறங்கும்போது, "நல்ல மனுசன்டா. கேட்டுட்டுத்தான் தொட்டாரு" என்று மட்டும் சொன்னார். மண்வெட்டி பிடித்தே காய்த்துப்போன கை, அந்தக் கை வேட்டி முடிச்சை விடாமல் பிடித்திருந்தது.

ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. என்ற அளவு கூடுதலாக வந்தது. கூடுதலாக இருந்தாலே கேன்சர் என்று அர்த்தமில்லை, வயதானால் ஆண்களுக்கு நீர்ப்பைக்குக் கீழே இருக்கிற ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கும், கிருமி இருந்தாலும் கூடும், ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு இருக்க முடியாது, பயாப்சி செய்து பார்த்துவிடலாம் என்றார் டாக்டர்.

"பயாஸ்கோப்பா?" என்றார் அப்பா.

"பயாப்சிப்பா. கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க."

அவர் முகம் சுண்டிவிட்டது. சதை டெஸ்ட் என்ற வார்த்தை எழுமலையில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு நோய்க்குத்தான் அதை எடுப்பார்கள் என்பதும் தெரியும். எங்கள் தெருவில் ஒருவருக்குத் தொண்டையில் சதை எடுத்தார்கள், மூன்றே மாதத்தில் போய்விட்டார். சும்மா கிடந்த நோயைக் கிள்ளிக் கிளப்பிவிட்டார்கள் என்றுதான் ஊரில் பேச்சு. அப்பாவும் அதையே சொன்னார். நான் அதட்டினேன். ஊசியால் கிளறினால் பரவும் என்பதெல்லாம் கட்டுக்கதை, தெருக்காரர் நோய் முற்றிய பிறகு டாக்டரிடம் போனார், நாம் முன்கூட்டியே போகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன். இதைக் கொஞ்சம் அன்பாகச் சொல்லியிருக்கலாம். வகுப்பில் சொல்கிற மாதிரி சொன்னேன். அவரும் கடைசி பெஞ்சுப் பையன் மாதிரி தலையாட்டினார்.

முன்னேற்பாடுகளை நான் கச்சிதமாகச் செய்தேன், அதில் குறை சொல்ல முடியாது. முன்பு நெஞ்சுவலி வந்ததிலிருந்து அப்பா ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இதய டாக்டரையும் கேட்டுக்கொண்டு அதை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார்கள், இல்லாவிட்டால் ரத்தம் நிற்காது. கிருமி தாக்காமல் இருக்க முதல் நாளே ஒரு மாத்திரை ஆரம்பித்தாயிற்று. திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் எனிமா கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்தார்கள். "பிள்ளைத்தாச்சிக்குக் குடுக்குறத எனக்குக் குடுக்குறாக" என்று நர்ஸிடம் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அதுதான் கடைசி. பச்சை அங்கியை மாட்டிவிட்டதும் வாய் மூடிக்கொண்டது.

அறைக்குள் திரைக்கு இந்தப்பக்கம் நிற்க என்னை அனுமதித்தார்கள். டாக்டர் சொல்வதைச் சொல்ல ஆள் வேண்டும் என்று நானேதான் கேட்டு வாங்கினேன். அப்பாவை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, முழங்காலை நெஞ்சுக்கு மடக்கச் சொன்னார்கள். ஆசனவாய் வழியாக ஒரு விரல் தடிமனில் ஒரு கருவியை விட்டு, அதிலிருந்து வருகிற படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்துவார்கள். முதலில் மரத்துப்போவதற்கு ஒரு ஊசி. அப்போது மட்டும் அப்பா "ஸ்" என்றார். பிறகு "டக்" என்று ஒரு சத்தம். விடைத்தாள்களை அடுக்கி ஸ்டேப்ளர் அடிக்கும்போது வருமே, அதே சத்தம். சத்தம் வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் அவர் பயப்படவில்லை. நான்தான் ஒவ்வொன்றுக்கும் துள்ளினேன். பன்னிரண்டு எண்ணினேன். எல்லாம் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"கட்டெறும்பு கடிக்கிற மாதிரி இருந்துச்சு. பன்னெண்டு கடி." அவரும் எண்ணியிருக்கிறார்.

ஒருதரம் நீர் போனால்தான் வீட்டுக்கு விடுவார்கள். இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்தார். போனது, லேசாக ரோஸ் கலரில். டாக்டர் வந்து கட்டில் பக்கத்தில் நின்று, இனி என்ன நடக்கும், என்ன செய்ய வேண்டும் என்று இங்கிலீஷில் என்னிடம் சொன்னார். ஏழு விஷயம். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டேன். அவர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனதும் அப்பா பக்கம் திரும்பி மொழிபெயர்த்தேன்.

நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். மாத்திரையை நடுவில் நிறுத்தக் கூடாது. நீரில் ரத்தம் ரெண்டு மூணு நாள் வரும், பயப்பட வேண்டாம். வெளிக்குப் போகும்போதும் கொஞ்சம் ரத்தம் வரும், அதுவும் நின்றுவிடும். ஒரு வாரம் சைக்கிள் மிதிக்கக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது. குளிர் காய்ச்சல் வந்தாலோ, நீர் சுத்தமாக அடைத்துக்கொண்டாலோ, ரத்தம் கட்டி கட்டியாக வந்தாலோ அந்த நிமிஷமே ஓடி வர வேண்டும். ஆறு ஆயிற்று.

ஏழாவது, விந்தில் ரத்தம் வரும் என்பது. துருப்பிடித்த நிறத்தில் இருக்கும், ஒரு மாதம், ஒன்றரை மாதம்கூட வரலாம், பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அதில் ஆபத்து இல்லை, மனைவிக்கும் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. விந்து என்பதா, இந்திரியம் என்பதா, எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்வதா? பக்கத்தில் நர்ஸ் வேறு. எனக்கே இரண்டு பிள்ளைகள். என் அப்பாவிடம், என்னைப் பெற்றவரிடம், அந்தப் பேச்சை நான் எப்படி எடுப்பது? அதோடு ஒரு தீர்ப்பையும் நானே எழுதினேன்: அறுபத்து நாலு வயது, பேரன் பேத்தி எடுத்தாயிற்று, அதெல்லாம் எப்போதோ முடிந்த கதையாக இருக்கும், இவருக்கு எதற்கு இது?

"அம்புட்டுதானா?" என்றார் அப்பா. என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வரைக்கும் எண்ணியவன் ஆறோடு நின்றதைக் கவனித்தாரோ என்னவோ.

"அம்புட்டுதான்" என்றேன்.

மூன்று நாள் என் வீட்டில் இருந்தார். டாக்டர் சொன்னதெல்லாம் அச்சுப் பிசகாமல் நடந்தது. நீரில் ரத்தம் வந்ததும் வெளியே வந்து, "மூணாவது சொன்னாரே, அது வந்துருச்சு" என்றார், தபால் வந்துவிட்டது என்பது போல. மறுநாள், "நாலாவதும் வந்துருச்சு." நாலாம் நாள் காலையில் இரண்டுமே நின்றுபோனது. "சொன்ன மாதிரியே நடக்குதுடா. வெவரமான டாக்டரு" என்று அவருக்கு ஏகப்பட்ட நம்பிக்கை. வரப்போவது இன்னதென்று தெரிந்தால் மனிதனுக்கு எவ்வளவு தைரியம் வருகிறது என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வியாழக்கிழமை ஆரப்பாளையத்தில் பஸ் ஏற்றிவிட்டபோது ஜன்னல் வழியாக, "ரிசல்ட்டு என்னைக்கு?" என்று கேட்டார். டாக்டர் வெளியூர் போகிறார், அடுத்த வாரத்துக்கு அடுத்த புதன் என்றேன். "வரட்டும், பாத்துக்கிருவோம்" என்றார்.

பயாப்சி முடிந்து பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை காலையில் அம்மாவிடமிருந்து போன், கடைத்தெரு டெலிபோன் பூத்திலிருந்து. அம்மா பூத்துக்கு வந்து பேசுவது வருஷத்துக்கு ஒரு தரம் நடந்தால் அதிகம்.

"உங்கப்பாவுக்கு என்னடா ஆச்சு? ரெண்டு நாளாச்சு, என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. கட்டிலத் தூக்கித் தோட்டத்து மோட்டார் ரூம்புல போட்டுக்கிட்டாரு. தட்டு தனி, செம்பு தனி. அவர் துணிய அவரே அலசிப் போடுறாரு. நான் எடுத்தா வள்ளுனு விழுகுறாரு. நான் என்ன தப்புடா பண்ணேன்?"

காய்ச்சல் இருக்கிறதா என்றேன். இல்லை. நீர் போகிறதா? போகிறது. ரத்தம்? நின்றுவிட்டது என்றுதான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ரிசல்ட்டுக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது, அதற்குள் செத்துப்போன மாதிரி வேஷம் போடுகிறாரே என்று.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் எழுமலை போனேன். மோட்டார் ரூமில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பத்து நாளில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அம்மா கொடுத்துவிட்ட சாப்பாடு பாதி அப்படியே இருந்தது. நான் உட்காரக்கூட இல்லை. ஆறு விஷயத்தையும் ஒன்று ஒன்றாகக் கேட்டேன், வருகைப் பதிவு எடுப்பது போல. எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது. "அப்புறம் என்னதான் உங்களுக்கு? டாக்டர் சொன்னதுல எதுவும் தப்பா நடக்கலையே?"

"டாக்டர் சொன்னதுல எதுவும் தப்பு இல்லடா" என்றார் அப்பா. சொன்னதில் என்ற சொல்லை அவர் எப்படி அழுத்தினார் என்பது அப்போது என் காதில் விழவில்லை.

"அப்ப உள்ள வந்து படுங்க. அம்மா அழுகுது."

"அவ இந்தப் பக்கம் வர வேண்டாம்" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "ஏன்டா, இந்தச் சதை டெஸ்ட்டு பொம்பளைகளுக்கும் எடுப்பாகளா?" என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். "பொம்பளைகளுக்கு அந்தச் சுரப்பியே கிடையாதுப்பா." வாத்தியாருக்குக் கேள்விக்குப் பதில் சொல்வதுதானே வேலை, கேள்வி எங்கேயிருந்து வருகிறது என்று பார்ப்பதா வேலை? வாசலில் அம்மா தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தாள். செம்பை வாசற்படியில் வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனாள். புலம்புவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும், "போயிட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்றாள். நான் வந்து அதட்டியதில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மதுரை வந்து சேர்ந்தேன்.

புதன்கிழமை அப்பா தனியாகப் பஸ் ஏறி வந்தார். வெளுத்த வேட்டி, மடித்த துண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் போல. டாக்டர் மேஜை மேல் கவர் இருந்தது. அவர் அதைப் பிரிக்கப் போனார்.

"சார்" என்றார் அப்பா. டாக்டர் நிமிர்ந்தார். என் முன்னால் அப்பா டாக்டரிடம் தானாகப் பேசியது அன்றைக்குத்தான் முதல்முறை. "அத அப்புறம் பாப்பம் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கய்யா."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு அதுல ரத்தம் வந்துச்சு சார். ஒண்ணுக்குல இல்ல. போன வியாழக்கெழம, வீட்ல நாங்க சேந்திருந்தப்ப, அதுல. கருஞ்செவப்பா. நீங்க சொன்னதுல அது இல்ல. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்கு என்ன நோய் வேணாலும் இருந்துட்டுப் போகட்டும் சார். அவளுக்கு ஒட்டியிருக்குமா? அத மட்டும் சொல்லுங்க. ஒட்டியிருந்தா அவளுக்கு மொதல்ல பாருங்க."

ஆறு நாள் இந்த மனிதர் மோட்டார் ரூமில் ஒற்றையாக என்ன நினைத்துக்கொண்டு கிடந்தார் என்பது எனக்கு ஒரே நொடியில் விளங்கியது. சொன்ன ஆறும் சொன்னபடி நடந்ததால்தான், சொல்லாத ஒன்று வந்ததும் அதுதான் நோய் என்று முடிவு கட்டியிருக்கிறார். மச்சானிடம் போய்ச் சொல்லியிருக்கலாமே என்றால், எப்படிச் சொல்வார்? வேறு எதையும் சொல்லலாம். உன் தங்கச்சிக்கு என் நோயைக் கொடுத்துவிட்டேனோ என்று அவளுடைய அண்ணனிடமே எப்படிச் சொல்வார்? மகனிடம் கேட்டார், தன்னால் முடிந்த அளவுக்குக் கேட்டார். மகன் சிரித்தான்.

டாக்டர் இந்த முறை அப்பாவிடம்தான் பேசினார், தமிழில். "ஒட்டாதுய்யா. கேன்சராவே இருந்தாலும் இது ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டுற நோய் இல்ல. நீங்க பாத்த ரத்தம் நோயே இல்ல. ஊசி போட்ட எடத்துல இருந்த பழைய ரத்தம். ஒரு மாசத்துக்கு மேலகூட வரும், தானா நின்னுரும். உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணுமே ஆகாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கே உங்க மகன்கிட்ட சொன்னேனே. உங்களுக்குச் சொல்லலையா?"

என் காது இரண்டும் எரிந்தன. வாயைத் திறந்தேன்.

"சொன்னான் சார்" என்றார் அப்பா. "எல்லாத்தையும் சொன்னான். நாந்தான் மறந்துபோயிட்டேன். வயசாச்சுல்ல."

இல்லை சார், நான்தான் சொல்லவில்லை என்று அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் முன்னால் அந்த ஒரு வாக்கியம் எனக்கு வரவில்லை, இங்கிலீஷிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அதற்காகத்தான் என் மேல் எனக்கு அதிகமாகக் கோபம் வருகிறது.

டாக்டர் கவரைப் பிரித்தார். பன்னிரண்டு துண்டிலும் கேன்சர் இல்லை, வயதுக்கு வருகிற வீக்கம்தான், மாத்திரை தருகிறேன், ஆறு மாதம் கழித்து ரத்தத்தை மட்டும் திரும்பப் பார்த்துக்கொள்வோம் என்றார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பா, "அப்படிங்களா சார், சந்தோசம்" என்று கும்பிட்டார். அவ்வளவுதான். அவர் கேட்க வந்த ரிசல்ட் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். நாலு இட்லி சாப்பிட்டார், ஊத்தப்பம் ஒன்று சொன்னார், இன்னொன்றும் சொன்னார். ஆறு நாள் பசி. நான் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா, அன்னைக்கு டாக்டர் அதையும் சொன்னாரு. நான்தான்…" என்று ஆரம்பித்தேன்.

அவர் சட்னியைத் தொட்டுக்கொண்டே கேட்டார். "உங்க பள்ளிக்கூடத்துல பயலுக ஒரு வரிய விட்டா எம்புட்டு மார்க்கு கொறைப்ப?"

"ரெண்டு."

"கொறச்சாச்சு. காப்பியக் குடி, ஆறிப்போகும்."

மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அம்மாவின் போன். கட்டில் வீட்டுக்குள் வந்துவிட்டது என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது. "உனக்கு வெக்கமாமுல்ல? ரெண்டு பிள்ளை பெத்தவனுக்கு என்னடா வெக்கம்?" என்றாள். நான் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டதை அப்பா சொல்லியிருக்கிறார். அம்மா, அவர் உன்னைப் பிடிக்காமல் ஒதுங்கவில்லை, உனக்கு ஒட்டிவிடும் என்று பயந்துதான் ஒதுங்கினார் என்றேன்.

"எனக்குத் தெரியும்டா" என்றாள். "நீ வந்தன்னைக்கு அவரு கேட்டாருல்ல, பொம்பளைகளுக்கும் எடுப்பாகளான்னு. அப்பவே எனக்கு வெளங்கிருச்சு. உனக்குத்தான் வெளங்கல."

"தெரிஞ்சுமா அவர்கிட்ட ஒண்ணும் கேக்காம இருந்த?"

பூத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும், குரலைத் தணித்துக்கொண்டாள். "அவரு சாப்ட்டுட்டுத் தட்டக் கழுவிக் கவுத்து வச்சிட்டுப் போவாரு. அதுலதான் நானும் போட்டுச் சாப்ட்டேன். ஞாயித்துக்கெழமயில இருந்து தெனமும். அவர் குடிச்ச செம்புலதான் குடிச்சேன். வந்தா ரெண்டு பேருக்கும் வரட்டும்னுதான். அவருக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சுபோவாரு, நீ சொல்லிராத."

சரிம்மா என்றேன். அப்பா அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார். இந்த ஒரு வரியை மட்டும் நான் அவரிடம் சொல்லவே இல்லை.